சந்தனம் வைத்த பட்டன்

பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், சார். அப்படி இல்லை. பட்டன் சேதி சொல்லும், அவ்வளவுதான். எல்லாச் சுவர்ப் பட்டன்களின் வயரும் கன்ட்ரோல் ரூமில் ஒரு சின்னப் பெட்டிக்கு வரும். இன்புட் மாட்யூல் என்போம். எந்தப் பட்டனைத் தொட்டாலும் அதற்கான பச்சைப் புள்ளி அதில் மின்னும். விளக்கு எரிவதா, சைரன் அலறுவதா என்பதை நான் எழுதிய புரோகிராம் முடிவு செய்யும்.

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய இந்த நூல் மில்லில் அந்த வேலையைச் செய்தது நான். பஞ்சுக் குடோனில் பேல் என்கிற பஞ்சுப் பொதி தூக்கும் தங்கமுத்து என் அப்பா. "நான் யாருன்னு இங்க யார்ட்டயும் சொல்லிராதப்பா" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தலையாட்டினார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பஞ்சு ஒட்டிய தலையோடு அவர் என் பக்கத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்பா குடோன் சுவரில் இருந்த அவசரப் பட்டனுக்கு வைத்தார். விரல் அழுந்தி சைரன் அலறியது. பூஜைக்கு நின்ற கூட்டமெல்லாம் குடோனுக்கு ஓடிவந்தது.

"ஏய்யா, அத எதுக்குய்யா தொட்ட?" என்றார் மேனேஜர் கிளெமென்ட்.

"எம்மக மாட்டுனதுய்யா. அந்தா நிக்குதுல்ல பாண்டிச்செல்வி, அது எம்மகதான்."

கிளெமென்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பாவா மேடம்? சொல்லவே இல்ல. அப்டியே ஒரு கெடாவும் வெட்டிருக்கலாம்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே புரோகிராமில் அந்தப் பட்டனைச் செல்லாததாக்கினேன்; தொட்டால் பச்சைப் புள்ளி மின்னும், சைரன் அலறாது. சந்தனம் காய்ந்து சிக்குகிறது, மாற்றும்வரை இப்படி இருக்கட்டும் என்று ஆபீசில் சொன்னேன். பட்டன் சிக்கவில்லை. நான் மாற்றவும் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் பேல் அடுக்கு அவர் மேல் சரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. ஆள் நடமாட்டம் இருந்தால்தான் சென்சார் விளக்கை எரியவிடும்; பேலுக்கு அடியில் கிடந்தவர் அதன் கண்ணில் படவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கும் தானாக அணைந்துவிட்டது. பட்டன் மட்டும் கைக்கு எட்டியது. விழுந்தவருக்கும் எட்ட வேண்டும் என்று அதைத் தாழ்வாக மாட்டியதும் நான்தான். அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

அந்த நேரம் நான் கன்ட்ரோல் ரூமில் கிளெமென்ட்டோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக் கதவு திறந்திருந்தது. குடோன் புள்ளி மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. வீட்டுக் கதவை அப்பா அப்படித்தான் தட்டுவார். திரும்பவும் பொட்டு வைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பொட்டு வைக்க அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

"என்ன மேடம், அது பாட்டுக்கு மின்னுது?"

"லூஸ் கனெக்‌ஷன் சார்" என்று கதவைச் சாத்தினேன்.

எங்கப்பா கூப்பிடுகிறார் என்று அந்த ஆளிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, சார்.