நகரும் மலை

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து ஏறிய பஸ் மூன்றாவது வளைவில் திரும்பியபோது, என் முன்சீட்டுப் பெரியவர் மனைவியிடம் சொன்னார்.

"அங்க கடல்ல மலை நவுந்து வருமாமா."

"அது பனிக்கட்டிங்க. கனடாவுல எல்லாரும் படகுல போய்ப் பாக்கறாங்கன்னு நம்ம பொண்ணு சொன்னாளே."

"நவுர்ற மலையப் பாக்கப் போவாங்களா? போன ஐப்பசி மழையில மலை சரிஞ்சு நம்ம மொளகுத் தோட்டம் மண்ணுக்குள்ள போனத மறந்துட்டியா?"

முன்கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவேயில்லை.

"பொறவு எதுக்குங்க பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துட்டு வாறீங்க?"

"பேரனையும் அந்தப் படகுல ஏத்தறாளாமா. மேல சின்னக் கல்லு உருண்டாலே ஓடோணும்னு அங்க ஆருக்குத் தெரியும்?"

இன்னும் இரண்டு வளைவுகள் போயின. பிறகு அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"படகுல எங்கீங்க ஓடறது?"