வாசனை போடாத மெழுகுவர்த்தி

— சத்தியமா சொல்றேன்டி, உன் புள்ளைக்குன்னு ஊத்தின மெழுகுவர்த்தியில ஒரு சொட்டு வாசனை எண்ணெய்கூட விடல.

— அதெல்லாம் சரி அண்ணி. ஆனா மணக்குதே! கரண்ட் போச்சுன்னு ஏத்தி அஞ்சு நிமிஷம் ஆகல, குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

— ஐயோ, செல்லம்! இப்ப எப்படி இருக்கான்?

— மூச்சு சீராயிடுச்சு. அவங்கப்பாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அதுல என்ன கலந்ததுன்னு டாக்டர் கேக்குறாரு. மறைக்காம சொல்லுங்க.

— உன்கிட்ட மறைப்பேனா? பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் ரெண்டும் காட்டம்னு போன மாசமே தூக்கிப் போட்டேன். கைக்குழந்தைக்கு ஆகுமோ ஆகாதோன்னு லாவெண்டரையும் சேர்க்கல. வெறும் மெழுகு, பருத்தித் திரி, அவ்வளவுதான். சத்தியமா என் மூக்குக்கு ஒண்ணும் தெரியலடி.

— நாள் முழுக்க இந்த ரூமுக்குள்ளயே கிடக்குற மூக்குக்கு என்ன தெரியும்? நான் வெளியேருந்து வந்தவ. இருங்க, அந்த மெழுகுவர்த்தியைக் கையோட கொண்டாந்திருக்கேன், ஏத்துறேன்... வருது பாருங்க. தலைக்கு வைக்கிற எண்ணெய். வேர்வை. கொஞ்சம் சிகரெட். அண்ணன் வந்துட்டானோன்னே நெனச்சேன்.

— உங்கண்ணன் கப்பல் ஏறி எட்டு மாசம் ஆச்சு. ஆம்பளை வாசனைக்கு நான் எங்கடி போவேன்?

— அதெல்லாம் சரி, சிரிக்காதீங்க. மெழுகை எது பக்கத்துல வச்சிருந்தீங்க?

— அது நியாயமான கேள்வி. பக்கத்துல என்ன இருந்தாலும் மெழுகு அந்த வாடையை உறிஞ்சிக்கும். ஒரு தடவை வெங்காயக் கூடை பக்கத்துல வச்சு, ஒரு மூட்டையே பாழாப் போச்சு. அதுலேருந்து தனியாத்தான் வைக்கிறேன்.

— எங்க?

— இதோ, நம்ம தலைக்கு மேல. பரண்ல. மெழுகு மூட்டையைத் தவிர ஒரு துரும்பு கிடையாது.

— யாரு ஏறி எடுக்குறது?

— ஏறுறதா? ஸ்டூல் போட்டு, ஓரத்துல இருக்குறதை இழுத்துக்குவேன். உள்ள எட்டிப் பாக்குற உயரமா எனக்கு? உன் மெழுகுவர்த்திக்கு எடுத்த மூட்டை மட்டும் நடுவுல அமுங்கி, தலகாணி மாதிரி பள்ளமாக் கிடந்துச்சு. எலி வேலைன்னு விட்டுட்டேன்.

— எலியா...

— ஏன்டி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? எங்க பாக்குற?

— கிட்ட வாங்க, காதைக் குடுங்க. மேல பாக்காம, சத்தமாச் சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சு வெளியே வாங்க அண்ணி... நீங்க எலின்னு சொன்னதும், பரண் ஓரத்தைப் பிடிச்சிருந்த நாலு விரலும் மெதுவா உள்ள போச்சு.