கேஸ் ஷீட்டின் கடைசி வரி

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் வார்டிலிருந்து நேராக வந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களே, மாணவச் செல்வங்களே, கதவோரம் நிற்கும் வார்டு ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கூடத்தில் நூற்றிருபது இருக்கைகள். இன்று ஒன்றுகூடக் காலியில்லை. டாக்டர் சங்கரி அம்மையார் பதினான்கு ஆண்டுகள் இதே கூடத்தில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினார். ஒரு நாளாவது இப்படி நிறைந்ததா? சனிக்கிழமை பதினொரு மணி, வாரத்தின் கடைசி வகுப்பு. தேர்வில் அதிலிருந்து வருவது ஒரே ஒரு சின்னக் கேள்வி. ஊருக்குப் போகிறவர்கள் பத்தே முக்காலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழு பேர் வந்தால் அவருக்கு அது நல்ல சனிக்கிழமை. இத்தனை பேரை இங்கே சேர்க்க, அவர் படத்துக்கு மாலை போட வேண்டியிருந்ததே!

வரும் ஜூன் மாதத்துப் புதிய கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரமும் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் திருவேங்கடம். உயிர்வேதியியல் ஆசிரியனாக இருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன். பத்து ஆண்டுகள் அம்மையாருக்கு அடுத்த அறையில் வேலை பார்த்தேன். தேர்வு நெருங்கும்போதெல்லாம், "மேடம், இந்தச் சனிக்கிழமை உங்க மணியை எனக்குக் குடுங்க, போர்ஷன் முடியலை" என்று கேட்பேன். ஒரு முறைகூட அவர் மறுத்ததில்லை. "எடுத்துக்கோங்க சார். ஆனா ஒரு நாள் என் வகுப்புல வந்து உட்காருங்க" என்பார். வருகிறேன் என்பேன். போனதில்லை.

அப்படி அவர் என்னதான் நடத்தினார்? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டும் வேலை செய்கிற வேண்டா என்ற அம்மாள் ரத்தசோகையோடு வந்தார். நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. அன்று பயிற்சி மருத்துவராக இருந்த ஹேமந்த் பொறுமை இழந்தார்.

"மாத்திரையைக் குப்பையில போட்டுட்டு வந்து நிக்கறியாம்மா?"

"நானா போட்டேன்? தெனம் முழுங்கிகினுதான் கீறேன் டாக்டரே. உன் மாத்திர சரியில்ல, என்னிய கத்துற!"

அம்மையார் பெஞ்சில் வேண்டாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எதோட முழுங்கறீங்க?"

"டீயோடதாம்மா. வெறுந்தண்ணில முழுங்குனா கொமட்டிகினு வருது."

அம்மையார் ஹேமந்தைத் திரும்பிப் பார்த்தார். "நாலு மாசமா நீங்க டீக்குத்தான் வைத்தியம் பண்ணியிருக்கீங்க, டாக்டர்."

தேநீரோடு சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. இது ஹேமந்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! முதலாண்டில் அந்தக் கேள்விக்கு அவர் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் போட்டவன் நான். விடைத்தாளில் இருந்த தேநீர் வேண்டாவின் தம்ளரிலும் இருக்கும் என்பதை அவருக்கு நான் சொல்லித் தரவில்லை. மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீரோடு விழுங்கச் சொன்னார் அம்மையார். மூன்றாம் மாதம் வேண்டா ஒரு பை நிலக்கடலையோடு வந்தார். ஹேமந்துக்கு ஒரு பிடி கொடுத்து, "துன்னு டாக்டரே, கத்தறதுக்கு தெம்பு வோணும்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மையார் தன் கைக்காசில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வந்தார். வார்டில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டின் அடியிலும் அது ஒரு வரியைப் பதிக்கும்: 'நேற்று என்ன சாப்பிட்டார்?' எப்போதும் கேழ்வரகைப் பற்றியே பேசுகிறார் என்று மாணவர்கள் அவருக்குக் 'கேவுரு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் காதிலும் விழுந்தது. "கேவுரு நல்லதுதானே" என்றார்.

கூலி வேலை செய்யும் நோயாளிக்கு ஆப்பிளும் பாதாமும் எழுதிக் கொடுத்த ஒரு பயிற்சி மருத்துவரை, அம்மையார் திட்டவில்லை. மறுநாள் காலையில் அந்தக் குழு முழுவதையும் வேனில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரையில் இறக்கினார். "எந்த மீன் ஓட்டலுக்குப் போகுது, எந்த மீன் இவங்க சட்டிக்குப் போகுதுன்னு பார்த்துட்டு வாங்க. அப்புறம் சீட்டு எழுதலாம்." இப்படிச் சொல்லிக் கொடுக்க இந்தக் கல்லூரியில் வேறு யார் இருந்தார்கள்?

ஒரு சனிக்கிழமை இந்தக் கூடத்தின் வழியாகப் போனேன். உள்ளே அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாணவர் ஒருவரும் இல்லை. முதல் பெஞ்சில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வார்டு ஆயா ஜெகதாம்பாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். கரும்பலகை நிறைய எழுத்து. ஜெகதாம்பாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், அங்கியே நிக்கற? உள்ள வந்து குந்து. மேடம் கீரையப் பத்தி சொல்லிகினு கீது."

அம்மையாரும் திரும்பிப் பார்த்தார். கையில் சாக்பீஸோடு காத்திருந்தார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். எனக்கு அன்று எந்த வேலையும் இல்லை.

தினமும் மதியம் அவர் அறையைக் கடக்கும்போது, "சாப்பிட்டாச்சா மேடம்?" என்று கேட்பேன். நாம் எல்லாரும் கேட்பதுதானே! நடந்துகொண்டே கேட்பேன், நடந்துகொண்டே போய்விடுவேன். பத்து ஆண்டில் ஒரு நாளும் பதிலுக்கு நின்றதில்லை.

கடந்த மாதம் அம்மையார், மாமல்லபுரத்தில் தனியாக வாழ்ந்த வீட்டில் மயங்கி விழுந்து, நம் மருத்துவமனைக்கே கொண்டு வரப்பட்டார். அன்று வார்டுப் பொறுப்பில் இருந்தவர் அதே ஹேமந்த். நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தார். அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று பேனா நின்றுவிட்டதாம். அம்மையார் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கேளுங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க மேடம்?"

"காலையில டீயும் ஒரு பன்னும். ராத்திரி ஒண்ணும் இல்லை. ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கணும்னு விட்டுட்டேன்." கூடவே சொன்னாராம்: "எத்தனையோ நாள் அப்படித்தான், ஹேமந்த். அதையும் எழுதிக்கோங்க. கேட்டதுக்கு அப்புறம் விடக் கூடாது."

மூன்றாம் நாள் போய்விட்டார். இதயம் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆயிரம் பேரின் சட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரின் சட்டி காலியாக இருந்ததே! அது அடுத்த அறையில் இருந்த எனக்கு ஏன் தெரியவில்லை? கேட்டேனே, தினமும் கேட்டேனே!

முதல்வர் அவர்களே, அந்த மணியை எடுத்துவிடாதீர்கள். அதை அடிக்கடி எடுத்துக்கொண்டவன்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன். பாடம் நடத்த ஹேமந்த் ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மையாரின் ரப்பர் ஸ்டாம்ப் அவரிடம்தான் இருக்கிறது. அட்டவணையில் இடம் இல்லையென்றால், வெளியே வேப்பமரத்தடியில் நடத்துகிறோம். மாணவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் பதினொரு மணிக்கு வகுப்பு தொடங்கும்.

இன்று உள்ளே வரும்போது வாசலில் ஜெகதாம்பாள் என்னை நிறுத்தினார். "சாப்ட்டியா சார்?" என்றார். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். அவர் விடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சாப்ட்ட, அத்த சொல்லு" என்றார். நின்று, யோசித்து, சொல்ல வேண்டியதாயிற்று. பாடத்தைக் கேட்டவர் ஒருவராவது இருக்கிறார்.

அவரிடம் வருகிற சனிக்கிழமைக்கு முதல் பெஞ்சில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். "லேட்டா வந்தினா வேற ஆளு குந்திக்கும்" என்று எச்சரித்திருக்கிறார். வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். நான் பின்னால் போய்க்கொள்கிறேன்.

நீங்கள் அழைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, மேடம். இந்தச் சனிக்கிழமை வந்து உட்காருகிறேன்.