மெஷின் எண்ணெயில் தோய்த்த ஊசி

"ஹலோ... மச்சான், நான்தான்... ஆமா ஆமா, உயிரோடதான் பேசுறேன்..."

நான்கு நாள் காய்ச்சல் இறங்கி, அன்று காலைதான் தையல்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடக்கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தையல் கடையைத் தன்னோடு கூட்டாக நடத்தும் மைத்துனரிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், அளப்பதற்கு, நான்கு நாள் பேச்சும் அப்படியே மிச்சமிருந்தது.

"ரத்தத்துல கிருமியாம். முழங்கைக் கட்டியை ஊசியால குத்தினேன்ல, அந்த வழியா உள்ள போயிருக்கு... ஆமா, நம்ம வழக்கப்படி மெஷின் எண்ணெய்ல தோய்ச்சுத்தான் குத்தினேன். டாக்டரம்மாகிட்ட அதைப் பெருமையா வேற சொன்னேன். அந்தம்மா சிரிக்கக்கூட இல்ல...

"வைத்தியமா? நம்ம தொழிலேதான். ரெண்டு கையிலயும் ரத்தம் எடுத்து, என்ன கிருமின்னு வளர்த்துப் பாக்குறாங்க. அந்த ரிசல்ட்டுதான் அளவு, அது வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, பல கிருமிக்கும் பொருந்துற ரெடிமேட் மருந்தை நரம்புல ஏத்திடுறாங்க. அளவு வந்ததும், அந்தக் கிருமிக்குன்னே தச்ச மருந்து... ம்... இன்னும் பத்து நாள். பாதியில நிறுத்தினா தையல் விட்டுடும்...

"ஆமா, ஏன் மெஷின் சத்தமே கேக்கல?... பல்லு ஏன் இப்படி அடிக்குது?... குளிருதா? இந்த வெயில்லயா?... எந்தக் கோட்டு?... பேங்க் மேனேஜரோட கம்பளிக் கோட்டையா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே? ட்ரையல் அவருக்கா, உனக்கா?"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"விரல்ல என்ன?... வீங்கி, நீயும் குத்திட்டியா... எண்ணெய்ல தோய்ச்சு. சரி. கையைப் பாரு, சிவப்பா கோடு ஏதாவது ஏறுதா?... முழங்கை வரைக்குமா... இல்ல மச்சான், மாத்திரையைப் போட்டுட்டுப் படுக்குற வேலையே வேண்டாம். எனக்கும் இப்படித்தான் கோடு வந்துது. பேசாம இருந்தேன். மறுநாள் உன் அக்கா பேரே எனக்கு ஞாபகம் வரல... ஆமா, அதுக்கு இன்னும் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்... கிளம்பு. இப்பவே.

"ஸ்கூல் சீருடையை நாளைக்குக் குடுக்கணுமா? நாப்பது பிள்ளைங்களும் நாளைக்குப் பழசைப் போட்டுக்கிட்டுப் போகட்டும்... ஒரு பட்டன்கூட வேண்டாம், ஊசியைக் கீழ வை... யாரு வர்றா?... மேனேஜரா? போனை அவர்கிட்ட குடு... குடு மச்சான்.

"வணக்கம் சார். கோட்டு தயார்... இல்ல, கோவப்படாதீங்க, உள்ள ஒரு ஆள் இருக்கார். கார்ல வந்திருக்கீங்களா?... நல்லதாப் போச்சு. அவர் நெத்தியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க... பாத்தீங்களா. ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம் சார், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அவசரப் பிரிவு தரைத் தளத்துலயே இருக்கு... கழட்ட வேண்டாம், நேரமாகும். கோட்டோடயே கொண்டு வாங்க... ஆமா ஆமா, கைநீளம் சரியா இருக்கான்னு வழியில நீங்களே பாத்துக்கலாம்..."

கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது; தொடர்பு அறுந்தது. தையல்காரர் நர்ஸைக் கூப்பிட்டு, பக்கத்துக் கட்டில் காலியா என்று விசாரித்தார்.