குட்டையாகிக்கிட்டே போன பூ

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கிறேன். ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன்... சின்னக் கதைதான், கேளுங்க.

திருப்பூர்ல ஒரு அபார்ட்மெண்ட். ரெண்டாவது மாடியில கோகிலவாணின்னு ஒரு அம்மா. பேங்க்ல வேலை. வீட்டுல ஜாடி நிறைய பூ வெச்சு அழகு பாக்கணும்னு அவங்களுக்கு ஆசை. திங்கக்கிழமை ஆனா ஸ்கூட்டர்ல ஒரு பூக்காரர் வருவார். அவருகிட்ட ஒரு கட்டு ஜெர்பரா வாங்குவாங்க. அதாங்க, சூரியகாந்தி மாதிரி வட்டமா, சிவப்பும் மஞ்சளுமா, நீளத் தண்டோட இருக்குமே... அந்தப் பூ.

எதிர் வீட்டு ரங்கநாயகி அம்மாவும் அதே பூவை, அதே ஆளுகிட்டதான் வாங்குறாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏன்? வாசல்ல செருப்பு ஸ்டாண்ட் யாரு பக்கம் வைக்கிறதுன்னு ஒரு சண்டை. அதுல முகத்தைத் திருப்பினவங்க... ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

இப்ப என்ன ஆச்சு? கோகிலவாணி வீட்டுப் பூ வியாழக்கிழமையே தலையைத் தொங்கப் போட்டுருது. எதிர் வீட்டுப் பூ? பத்து நாள் ஆனாலும் சிரிச்சுக்கிட்டு நிக்குது! கிரில் கேட் வழியா நல்லாத் தெரியுது.

தண்ணியில சர்க்கரை போட்டாங்க. எலுமிச்சை பிழிஞ்சாங்க. தலைவலி மாத்திரையைக்கூடப் பொடி பண்ணிப் போட்டாங்க. ம்ஹூம்... வியாழக்கிழமை தலை தொங்கிருச்சு.

பூக்காரரைப் பிடிச்சாங்க. “ஏனுங்க, அவங்களுக்கு மட்டும் நல்ல பூவாக் குடுக்கறீங்களா?”

“அட, ஏனுங்க அம்மிணி! ரெண்டும் ஒரே கட்டுல பிரிச்சதுதானுங்க!”

அப்புறம் இன்னொண்ணு கவனிச்சாங்க. இதுதான் விசித்திரம். திங்கக்கிழமை எதிர் வீட்டுப் பூ உசரமான கண்ணாடி ஜாடியில நிக்குது. வெள்ளிக்கிழமை பாத்தா... சின்னச் செம்புல இருக்குது. அடுத்த புதன்கிழமை? காபி டம்ளர்ல! பூ அதே பூ. ஆனா நாளுக்கு நாள் குட்டையாகுது! வாடுற பூவைப் பாத்திருக்கோம்... குள்ளமாகுற பூவைப் பாத்திருக்கீங்களா?

கோகிலவாணியோட வீட்டுக்காரர் கேலி பண்றார். “ஏம்மா, போற வர்றப்பல்லாம் எதிர் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறியே, அவங்க என்ன நினைப்பாங்க?”

நாலு வாரம் பொறுத்தாங்க. அஞ்சாவது வாரம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில... போய் பெல்லை அடிச்சுட்டாங்க.

கதவு திறந்தது. ரங்கநாயகி அம்மா முகத்துல சிரிப்பே இல்லை. “என்னங்க?”

“இல்லீங்க... தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுப் பூ... ஏனுங்க குட்டையாகிக்கிட்டே போகுது?”

அந்தம்மா ஒரு நிமிஷம் பாத்தாங்க. அப்புறம் வந்துது பாருங்க ஒரு சிரிப்பு! “இதைக் கேக்கவா வந்தீங்க? உள்ள வாங்க.”

உள்ள போனா... மேஜை மேல நியூஸ்பேப்பர் விரிச்சிருக்கு. அதுல பூவெல்லாம் வரிசையா படுத்திருக்கு. நாற்காலியில அவங்க வீட்டுக்காரர் பொன்னுரங்கம். வலது கையில கத்தரிக்கோல். விரல் நடுங்குது. ரங்கநாயகி அம்மா போய் ஒரு தண்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் கத்தரிக்கோலை விரிக்கப் பாக்கறார்... முடியலை. மறுபடி பாக்கறார்... வேர்க்குது. அப்புறம்... ‘டக்’! ஒரு இஞ்ச் தண்டு கீழ விழுந்துது. அவர் நிமிந்து பாத்து, கோணின வாயால சொன்னார்... “வா... ங்க.”

அவர் யாரு தெரியுமா? தையல் கடையில முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டர். கோடு போடாமலே துணி வெட்டுற கை. பக்கவாதம் வந்து அந்தக் கை போச்சு. ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சியா ரப்பர் பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்லியிருக்காங்க. கோவத்துல சுவத்துல எறிஞ்சுட்டார். ஒரு நாள் மகள் வாங்கிட்டு வந்த பூவை ரங்கநாயகி அம்மா நறுக்கிக்கிட்டு இருந்தப்ப, கத்தரிக்கோலைக் குடுன்னு கண்ணாலயே கேட்டாராம். துணி வெட்ட பலம் இல்லை... ஜெர்பரா தண்டு மெத்துன்னு இருக்கும், அதை வெட்ட முடிஞ்சுது. அன்னையிலிருந்து தினமும் ஒரு வெட்டு.

“தண்டு நுனி தண்ணியிலயே கெடந்தா அடைச்சுக்குமாங்க. தினமும் நறுக்கினா புதுசா தண்ணி குடிக்குது. இவரு கைக்காக வெட்டறாரு... பூவுக்கு ஆயுசு கூடுது” அப்படின்னாங்க.

கோகிலவாணி கேட்டாங்க. “எப்ப இருந்துங்க இப்படி?”

“எட்டு மாசமாச்சுங்க.”

அவருக்கு முடியாமப் போன அன்னைக்கே வாட்ச்மேன் சொல்லியிருந்தார். எதிர் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்கன்னு. “அப்படியா”ன்னு கேட்டுட்டு, இவங்க லிஃப்ட்ல ஏறிட்டாங்க. அது ஞாபகம் வந்ததும் அங்கேயே உக்காந்து அழுதுட்டாங்க. ரங்கநாயகி அம்மா அடுத்த பூவை எடுத்து அவங்க கையில குடுத்து, “நீங்க பிடிங்க, நான் காபி போடறேன்”னாங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா தண்டைப் பிடிக்கிறது கோகிலவாணி வேலை. ஆறு மாசம் கழிச்சு ஒரு பழைய காட்டன் புடவையைக் கொண்டுபோய் அவர் முன்னால வெச்சாங்க. மாஸ்டர் தலகாணி உறைக்கு வெட்டினார். வெட்டு கோணல்மாணல்... ஆனா வெட்டினது அவர் கை! அதைப் பாத்து அவர் சிரிச்ச சிரிப்புக்கு என்ன விலை குடுப்பீங்க?

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? அடுத்தவங்க வீட்டுல என்னன்னு தெரிஞ்சுக்க நம்ம எல்லாருக்கும் ஆசைதான். யாருகிட்ட கேக்குறோம்? பூக்காரர்கிட்ட கேக்குறோம், வாட்ச்மேன்கிட்ட கேக்குறோம், போன்ல தேடுறோம். சம்பந்தப்பட்ட மனுஷங்ககிட்ட மட்டும் கேக்கறதில்லை. ஆசைப்படுறது தப்பில்லைங்க... எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறதுதான் தப்பு. பெல்லை அடிங்க. பூவைப் பத்திக் கேக்கப் போனாலும் பரவாயில்லை... மனுஷங்களைப் பாத்துட்டு வருவீங்க.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க பக்கத்து நாற்காலியில இருக்கிறவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவங்க... திரும்பிக் கேளுங்க. வெக்கப்படாதீங்க, கேளுங்க. அதுவரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.