தாகுபாயின் அபின் உருண்டை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் பிழைப்பு என்னுடையது.

பம்பாயின் இந்த மில் பேட்டையில், முனிசிபல் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு என் பொறுப்பு. விதவையானதும் தலையை மழித்துக்கொண்டு மூலையில் உட்காராமல் நர்ஸ் வேலைக்குப் படித்தவள் நான். படித்து என்ன? வருகிறவர்கள் மில்லில் நூல் சுற்றும் கொங்கணத்துப் பெண்கள். கட்டிலுக்கு அடியில் கரியடுப்பு வைப்பார்கள். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாம்பல் அப்புவார்கள். சோப்பைக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, ஊருக்கு அனுப்புவதற்கு முடிந்து வைத்துக்கொள்வார்கள். ஆடு குட்டி போடுகிற மாதிரிதான். பிழைத்தது பிழைத்தது.

தாகுபாய்க்கு அது நாலாவது பிரசவம். நல்ல எடையில் பெண் குழந்தை. வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன்பே அதன் வாயில் அவள் அபின் உருண்டை ஒன்றைத் திணித்ததைப் பார்த்துவிட்டேன்.

“கடுகத்தனைதான் துவாரகாபாய். நான் மில்லுக்குப் போயிட்டா, இது அழுதா யாரு தூக்குவா? இப்பவே பழக்கினாத்தான் உண்டு. மூத்தது மூணும் இதுலதான் வளந்துச்சு.”

“மூணுமா?”

“ரெண்டு,” என்றாள்.

முந்தானையில் அவள் முடிந்திருந்த மீதி உருண்டைகளைப் பிடுங்கிக்கொண்டேன். இந்தக் குழந்தை செத்துவிடும் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சாயங்காலம் அது கண் விழித்து, சப்புக்கொட்டிப் பால் குடித்தது. பக்கத்துக் கட்டில்காரி, “துவாரகாபாய் சொன்ன பொணம் பசிக்குதுங்குது,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தாகுவும் சிரித்தாள்.

அவமானத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பாடம் பாதியில் நின்றிருந்தது, முடித்து வைத்தேன். மறுநாள் குளிப்பாட்டுவதாகச் சொல்லிக் குழந்தையை வாங்கிப்போய், உருண்டைகள் அத்தனையையும் தேனில் கரைத்துப் புகட்டினேன். மடியில்தான் வைத்திருந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடி தளர்ந்த பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “உன் கடுகு வேலை செஞ்சிடுச்சு,” என்று தாகுவிடம் கொடுத்தேன்.

அவள் நம்பிவிட்டாள். வார்டில் மற்றவர்கள், நான் சொன்ன வாக்கு பலித்துவிட்டதென்று என்னைக் கண்டு ஒதுங்கினார்கள். தானே கொன்றதாக இங்கே வந்து அழுகிறாளாம். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். முந்தின நாள் கொடுத்த ஒற்றை உருண்டை, எழுந்து பால் குடித்த குழந்தையைக் கொல்லாது என்று யோசிக்கக்கூடத் தெரியாத ஜென்மம்.

ஆனால் பாடம் வீண் போகவில்லை. நீங்களே வந்து பாருங்கள். அன்றிலிருந்து என் வார்டில் ஒரு குழந்தைக்கும் யாரும் அபின் கொடுப்பதில்லை. கட்டில்கள் எல்லாம் காலி. விரித்த விரிப்புக்கூடக் கலையவில்லை.