ரெண்டு கால் கூடுதல்

…அதைத்தான் சொல்றேன் தம்பி, ஏழே பேர்! இப்ப தெருவுல போறவன் வரவன் எல்லாம் நேர்ல நின்னு பார்த்த மாதிரி பேசறான். அன்னிக்கு ஹால்ல இருந்தது ஏழு பேர். எண்ணிக்கோங்க. டிப்போ செக்ரட்டரி ஒண்ணு. ஸ்டோர் கீப்பர் ரெண்டு. மெக்கானிக் அண்ணன் தம்பி, ஆக நாலு. ஃபோட்டோக் கடைக்காரர் அஞ்சு. செத்துப்போன மாஸ்டரோட பொண்ணு ஆறு. கதவோரமா நான், ஏழு. நான் எப்பவும் கதவோரம்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒருத்தர்னா பேசிடுவேன். ரெண்டாவது ஆள் வந்துட்டா போச்சு.

நீங்க தைங்க, தைங்க. வாயில ஆணியை வெச்சுக்கிட்டு பதில் சொல்ல வேணாம், முழுங்கிடப் போறீங்க. இடது ஷூதான். முன்னாடி ஒட்டு போட்டிருக்கு பாருங்க, பழுப்புத் தோல், வெள்ளை நூல், பதினாலு தையல். அதைப் பிரிச்சுட்டு கறுப்புல ஏதாவது ஒட்டிடுங்க. சும்மாதான். பார்க்க நல்லால்ல. அஞ்சு மணிக்குள்ள வேணும், எதிர் ஹால்ல மீட்டிங்.

விசில் மாஸ்டரைத் தெரியாதவங்க உண்டா? நம்ம பஸ் டிப்போவோட கயிறு இழுக்கற டீமுக்குக் கோச்சு. பன்னெண்டு வருஷம் ஃபைனல், பதினோரு ஷீல்டு. போய்ச் சேர்ந்து அஞ்சு வாரம் ஆச்சு. சரி, ஹால்ல மாட்டியிருக்கற டீம் ஃபோட்டோவைப் பெருசு பண்ணி வைக்கலாம், ஹாலுக்கே அவர் பேரை வைக்கலாம்னு செக்ரட்டரி கிளம்பினாரு. ஃபோட்டோக் கடைக்காரர் ஃபிரேமைக் கழட்டினாரு. ஓரத்துல இத்தனை வருஷமா ஒரு அட்டை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை எடுத்தாரு. எடுக்காம இருந்திருக்கலாம்ல? யாராவது கேட்டாங்களா?

எட்டு பேர் இழுக்கறாங்க. எட்டு பேருக்குப் பதினாறு கால். அட்டைக்கு அடியில இன்னும் ரெண்டு! ரெண்டு காலு, கயித்துல ஒரு கை. மூஞ்சி ஃபோட்டோவுக்கு வெளிய போயிடுச்சு. நல்லவேளை… அதாவது, அடடான்னு சொல்ல வந்தேன்.

அவ்வளவுதான் தம்பி. காலையில மேதை, சாயங்காலம் திருடன். ஒம்பதாவது ஆளை ஒளிச்சு வெச்சு ஜெயிச்சானாம். ஸ்டோர் கீப்பர் சொல்றாரு, எனக்கு அப்பவே சந்தேகம்னு. அப்பவேயாம்! அவர் அப்ப வேலைக்கே சேரல! செக்ரட்டரி ஒரு படி மேல. பதினோரு ஷீல்டையும் திருப்பி அனுப்பணும், ஃபோட்டோவைக் குப்பையில போடணும், இன்னிக்கு அஞ்சு மணிக்கு எல்லாரும் கை தூக்கினா முடிஞ்சுதுங்கறாரு. அந்தப் பொண்ணு ஃபிரேம்ல இருந்து கழட்டின கண்ணாடியைக் கைக்குட்டையால துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. "எங்கப்பா கத்துவாரு, திட்டுவாரு. எண்ணிக்கையில ஏமாத்த மாட்டாரு"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுச்சு. யாரும் காதுல வாங்கல. எனக்குக் கேட்டுச்சு. கேட்டு என்ன பண்ண…

நல்லவரான்னு கேட்டா, அது வேற. மனுஷன் பெரிய இம்சை. கழுத்துல விசில் தொங்கும், தூங்கும்போது கூட. வீட்டுல ஒரு ஊது ஊதினா தண்ணி, ரெண்டு ஊதினா டீ, மூணுன்னா மூக்குக்கண்ணாடியைக் காணோம்னு அர்த்தம். அவர் சம்சாரம் மூணுக்கும் டீயே கொண்டு வருவாங்க. பல் டாக்டர்கிட்ட போயி, வலிச்சா கை தூக்குங்கன்னு அவர் சொன்னா, இவர் விசிலடிச்சிருக்காரு. பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு வேற பல்லைப் பிடுங்கிட்டாங்க.

ஆனா வேலைன்னா வேலை. முதல் வருஷம் எட்டு பேரையும் பிடிச்சு, ஸ்டார்ட் ஆகாத பழைய பஸ் ஒண்ணைக் கயிறு கட்டி இழுக்க வெச்சாரு. தினம் காலையில டிப்போவை மூணு சுத்து. மூணு மாசம். எட்டு பேரும் ஒரே மூச்சுல பின்னாடி சாய்வாங்க பாருங்க, பஸ்ஸு நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வரும். அந்தக் கிறுக்கு யாருக்கு வரும்?

ஏமாத்துனாருங்கறீங்களா? எப்படி? அவர் எதையும் பார்த்ததே இல்லையே! விசில் ஊதும்போது கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. போட்டி தொடங்கி முடியற வரைக்கும் ஊதுவாரு, அது வரைக்கும் கண்ணு மூடித்தான் இருக்கும். நடுவரோ நடுவுல கட்டின ரிப்பனை மட்டும் பார்ப்பாரு. கடைசி ஆளு மெக்கானிக் அண்ணன், உடம்பு வீட்டுக் கதவு அகலம். அவர் பின்னாடி பஸ்ஸே நின்னாலும் தெரியாது. அப்ப யாருக்குத் தெரியும், சொல்லுங்க?

எனக்கு என்ன வேலையா? நான் டிப்போல டைம் கீப்பர். வர பஸ், போற பஸ் எண்ணற ஆளு. அதனால போட்டியிலயும் என்னையே எண்ண வெச்சாரு. எட்டு தலையை எண்ணி, சீட்டுல கையெழுத்துப் போட்டு நடுவர்கிட்ட குடுக்கணும். அப்புறம் கடைசி ஆளுக்குப் பின்னாடி நின்னு, மிச்சக் கயிறு யார் காலுலயும் சிக்காம பார்த்துக்கணும். நான் எண்ணினப்ப எட்டுதான். சத்தியமா எட்டு. ஒரு தடவை கூட ஏழரை ஆனதில்லை. எண்ணினதுக்கு அப்புறம் நடக்கறதுக்கு எண்ணினவன் பொறுப்பா?

ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல், போகல. அந்த வருஷம் மட்டும் தோத்தாங்க. தற்செயல்தான். ஏன் தம்பி நிமிர்ந்து பார்க்கறீங்க? தைங்க.

கூட்டத்துல ஆளாளுக்கு மாஸ்டரோட குறையை அடுக்கறாங்களே, எனக்குக் குறை இல்லையா? முதல் ஷீல்டு வாங்கின அன்னிக்கு மேடையில மைக்கைப் பிடிச்சு நன்றி சொன்னாரு. இழுத்தவங்களுக்கு நன்றி. மைதானத்துக்கு நன்றி. அந்தப் பழைய பஸ்ஸுக்கு நன்றி. கயித்தைக் கட்டிப்பிடிச்சு முத்தம் வேற குடுத்தாரு, கயித்துக்கு! யாரோ என்னைக் காட்டி, இவருக்குன்னாங்க. "இவனா? இவன் சும்மாதானே நின்னான்"னுட்டாரு. மைக்குல! நானூத்தி அறுபது பேர் சிரிச்சாங்க. எனக்கு ராத்திரி பூரா அந்தச் சிரிப்புதான். சும்மா நின்னேனாம். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்னு… முதல்ல லேசாத்தான் பிடிச்சேன் தம்பி. இழுக்கல. பிடிக்கறது வேற, இழுக்கறது வேற. நான் பிடிச்சுக்கிட்டு பின்னாடி நடந்தேன், கயிறு கூட வந்துச்சு. தொண்ணூத்தி நாலு கிலோ எனக்கு அப்ப! உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு, முதுகு பிடிச்சு, மாசக்கணக்கா குனிய முடியாம… அப்பவும் ஒவ்வொரு வருஷமும் மேடையில கயித்துக்குத்தான் முத்தம்! சும்மா நின்னானாம்! யாருய்யா சும்மா நின்னது?

…

என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்.

ஆணியை எல்லாம் எடுத்துக் கீழ வெச்சுட்டீங்க. அஞ்சு ஆணி. பார்க்காதீங்க தம்பி அப்படி. சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு கண்ணாடி துடைச்சப்பவே சொல்ல வாயெடுத்தேன். ஏழு பேர் இருந்தாங்களே! என்னைக் கழிச்சாலும் ஆறு. இன்னிக்கு முப்பதுக்கு மேல வருவாங்க. எப்படி எழுந்திருக்கறது? உங்க மூஞ்சியைப் பார்த்து கூட முடியல, இருங்க, இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு ஒத்திகை மாதிரி சொல்லிப் பார்க்கறேன். "ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். அந்த ரெண்டு காலு…"

என்ன இது? உங்க கடைச் சுவத்துலயும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்களா? "இந்த ஷூ யாருடையது?" அடப்பாவி செக்ரட்டரி! அந்தக் காலை மட்டும் எவ்வளவு பெருசா ஃபோட்டோ போட்டிருக்கான்! பழுப்பு ஒட்டு, வெள்ளை நூல், தையலைக் கூட எண்ணலாம் போல… பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. தம்பி, இது உங்க கைத்தையல் ஆச்சே. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? நான் உள்ள நுழைஞ்சப்பவே? அதான் வாயில ஆணியை வெச்சுக்கிட்டு… தம்பி?

எங்க போனாரு? வலது ஷூ இருக்கு. இடது ஷூ எங்க? ஐயோ, ரோட்டைத் தாண்டறாரு! ஷூவைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஷீல்டு வாங்கின மாதிரி போறாரே! தம்பீ! குடுத்துடுங்க! ஒத்தைக் காலுல நான் எப்படி… ஹால் வாசல்ல எல்லாரும் வந்துட்டாங்க. முப்பத்தோரு பேர். வேணாம், நான் பின்பக்கமா போயிடறேன்.

என்ன கத்தறாரு? எல்லா வருஷமும் நான்தான்னா? பதினொண்ணுமா?

யோவ்! யார் சொன்னா பதினொண்ணுன்னு? இருங்கய்யா, வரேன்! பஸ்ஸை நிறுத்துப்பா, ஒத்தை ஷூவோட ஒருத்தன் தாண்டறது தெரியல? கேளுங்க எல்லாரும்! ஆமா, அது என் காலு! ரெண்டும் என் காலுதான்! ஆனா தப்பா எண்ணாதீங்க! முதல் வருஷம் நான் கையைக் கட்டிக்கிட்டு சும்மா நின்னேன், அவரே மைக்குல சொன்னாரு! அன்னிக்கு இழுத்தது எட்டே பேர், ஜெயிச்சது எட்டே பேர்! செக்ரட்டரி சார், பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, எழுதிக்கோங்க. மொத்தம் பதினோரு ஷீல்டு. பத்தைத் திருப்பி அனுப்பிடுங்க, அது என் தப்பு. மாஸ்டருக்குத் தெரியாது, அவர் கண்ணை மூடிக்கிட்டு ஊதிட்டிருந்தாரு. அழாதம்மா. பதினொண்ணுல பத்து போச்சு. மீதி இருக்கறது உங்கப்பா ஜெயிச்சது, அதை எவனும் தொடக்கூடாது.

மீதி ஒண்ணு.